கீல் எந்தப் பக்கம் கிடக்கிறது?

ஆட்டோவில் நூறு முறை போயிருப்பீர்கள், அதன் பின்சக்கரத்தை ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். அடுத்த முறை டீக்கடை வாசலில் நிற்கும்போது, எதிரே வேகத்தடை இருந்தால், கொஞ்சம் குனிந்து பாருங்கள். பின்னால் எஞ்ஜின் வைத்த பஜாஜ் ஆட்டோ ஒன்று ஓரமாக ஒதுங்கி வருகிறது. இடது சக்கரம் மட்டும் மேட்டில் ஏறுகிறது. வலது சக்கரத்துக்கு அந்தச் சங்கதியே தெரியாது. ஏறுகிற சக்கரம் உள்பக்கமாகவோ வெளிப்பக்கமாகவோ சாய்வதில்லை. நிமிர்ந்தபடியே மேலே போய், நிமிர்ந்தபடியே இறங்குகிறது. முன்னாலிருந்து பின்னோக்கி நீளும் ஓர் இரும்புக் கை அதைப் பிடித்திருக்கிறது. கையின் முன் நுனியில் ஒரு கீல், பின் நுனியில் சக்கரம், நடுவில் ஸ்பிரிங். அவ்வளவுதான்.

கொட்டகையில் பழைய இரும்பை வெட்டி ஒட்டி, வரப்பும் மணலும் தாண்டுகிற பக்கி ஒன்றைக் கட்ட நினைப்பவருக்கு இந்தக் காட்சியில் பாதிப் பாடம் இருக்கிறது. நானும் நண்பர்கள் மூவரும் கோயம்புத்தூரில் ஒரு லேத் பட்டறையின் பின்புறத்தில் அப்படி ஒன்றைக் கட்டினோம். பொதுச் சாலையில் ஓட்ட அனுமதி கிடைக்காத வண்டி. தோட்டத்துக்குள் மட்டும் ஓடியது. முன்சக்கரங்களுக்கு ஒரே வாரத்தில் முடிவு எடுத்துவிட்டோம். பின்சக்கரங்களுக்கு மூன்று மாதம் சண்டை போட்டோம். காரணம் எளிது. இத்தகைய வண்டியில் எஞ்ஜின் பின்னால் இருக்கும், எடையில் பெரும்பகுதியும் பின்னால்தான். போதாததற்கு, அந்தச் சக்கரம் மேலும் கீழும் ஆடிக்கொண்டே எஞ்ஜினின் திருகுவிசையையும் வாங்க வேண்டும். ஆடுகிற கிளையில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோர்ப்பது மாதிரியான வேலை.

சஸ்பென்ஷன் வகைகளுக்குப் பெயர்கள் ஏராளம். ஸ்விங் ஆக்சில், ட்ரெய்லிங் ஆர்ம், செமி ட்ரெய்லிங், டபுள் விஷ்போன், லைவ் ஆக்சில் என்று பட்டியலைப் படித்தாலே தலை சுற்றும். பெயர்களை மறந்துவிடுங்கள். வீட்டுக் கதவைத் திறந்து மூடுங்கள். கைப்பிடி எந்தப் பாதையில் போக வேண்டும் என்பதைக் கைப்பிடியா முடிவு செய்கிறது? கீல்தான் செய்கிறது. சக்கரமும் ஒரு கைப்பிடியே. வண்டியில் கீலை எந்தத் திசையில் கிடத்துகிறோம் என்று சொல்லிவிட்டால், சக்கரம் எப்படிப் போகும், எப்படிச் சாயும், எங்கே மாட்டிக்கொள்ளும் எல்லாம் தெரிந்துவிடும்.

முதலில் கீலை வண்டியின் நீளவாக்கில், நடுவில், கியர்பாக்ஸின் இரு பக்கமும் கிடத்திப் பார்ப்போம். அதுதான் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் பழைய பின்பக்கம். கியர்பாக்ஸிலிருந்து இரு பக்கமும் இரண்டு குழாய்கள், பறவையின் சிறகு போல மேலும் கீழும் அடிக்கும். சிறகின் நுனியில் சக்கரம். இந்தக் காரை வைத்துத்தான் கலிஃபோர்னியாவில் படகு கட்டிக்கொண்டிருந்த புரூஸ் மேயர்ஸ் 1964இல் கண்ணாடியிழை உடல்கொண்ட மேயர்ஸ் மான்க்ஸ் பக்கியைச் செய்தார். பின்னால் வந்த மான்க்ஸ்களுக்கு பீட்டிலின் அடித்தளத்தையே எடுத்து, சுமார் 36 செ.மீ. வெட்டிக் குறுக்கி, மேலே இலேசான தொட்டி போன்ற உடலைக் கவிழ்த்தார்கள். 1967 நவம்பரில் மெக்சிகோவின் பாஹா தீபகற்பத்தில் நடந்த முதல் பந்தயத்தில் விக் வில்சனும் டெட் மாங்கெல்ஸும் ஒரு மான்க்ஸை 27 மணி 38 நிமிடத்தில் லா பாஸ் கொண்டுசேர்த்து வென்றார்கள். அதன்பின் ஊரெல்லாம் மான்க்ஸைப் பார்த்துக் காப்பியடித்தது. மேயர்ஸ் வழக்குப் போட்டும் காப்புரிமை நிலைக்கவில்லை. பட்டறையில் எதையாவது புதிதாகச் செய்தவர்களுக்கு இந்த வலி புரியும்.

காரை இப்படிக் குறுக்கியவர்களுக்கு ஒரு வேடிக்கையான சிக்கல் வந்தது. பீட்டிலின் கனத்த தகர உடலைக் கழற்றியதும் எடை குறைந்துவிட்டது, ஸ்பிரிங் மட்டும் பழைய பலத்தில் இருந்தது. ஆகவே வண்டியின் பின்பக்கம் எக்கி நின்றது. சிறகுகள் தொங்கின, சக்கரங்கள் அடிப்பக்கம் உள்ளே ஒடுங்கி நின்றன. சரிசெய்ய ஸ்பிரிங்கை வெட்டவும் முடியாது. ஏனென்றால் பீட்டிலின் பின்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங்கே கிடையாது. குறுக்குக் குழாய்க்குள் கிடக்கும் எஃகுத் தண்டு ஒன்று முறுக்கிக்கொள்வதுதான் அங்கே ஸ்பிரிங். அந்தத் தண்டின் உள் முனையில் 40 பற்கள், வெளி முனையில் 44 பற்கள். உள்ளே ஒரு பல் தள்ளினால் 9 டிகிரி. வெளியே ஒரு பல்லை எதிர்த்திசையில் தள்ளினால் சுமார் 8.18 டிகிரி. மிஞ்சுவது 0.82 டிகிரி. இரண்டு முரட்டுப் பற்சக்கர வரிசைகளை வைத்துக்கொண்டு ஒரு டிகிரிக்கும் குறைவான நுட்பத்தில் வண்டியின் உயரத்தை மாற்றலாம். வெர்னியர் அளவுகோலின் அதே தந்திரம், சேறு அப்பிய ஒரு குழாய்க்குள் ஒளிந்திருக்கிறது. எனக்கு பீட்டிலில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

ஆனாலும் நீளவாக்குக் கீலை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். சிறகின் நீளம் 60 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் 10 செ.மீ. இறங்கினாலே சாய்வு 9.6 டிகிரி மாறிவிடும். டயரின் ஓரம் மட்டும் தரையைத் தொடும். இதைவிட மோசமானது திருப்பத்தில் நடப்பது. கீல் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, டயர் தரையைத் தொடும் இடம் 60 செ.மீ. தள்ளி இருக்கிறது. வேகமாகத் திரும்பும்போது வெளிப்பக்க டயரைத் தரை பக்கவாட்டில் உள்நோக்கித் தள்ளும். அந்த விசை சரிவான கழி போல சிறகின் வழியாகப் போய்க் கீலில் முட்டுகிறது. 100 கிலோ பக்கத் தள்ளலில் 50 கிலோ மேல்நோக்கிய தூக்கலாக மாறிவிடும். வண்டி எழும்பினால் சிறகு இன்னும் தொங்கும், சரிவு கூடும், தூக்கல் இன்னும் கூடும். திடீரென்று சக்கரம் அடியில் மடங்கிக்கொள்ளும். அமெரிக்காவில் செவ்ரோலெ கார்வேர் காரின் 1960 முதல் 1963 வரையான மாடல்களில் இருந்த இதே குணத்தைத்தான் ரால்ஃப் நேடர் 1965இல் வெளியான தன் நூலின் முதல் அத்தியாயத்தில் வைத்துக் கிழித்தார்.

அப்படியானால் பாஹாவில் மான்க்ஸ் எப்படி ஜெயித்தது? மணல் விட்டுக்கொடுத்தது. டயரைப் பக்கவாட்டில் அழுத்திப் பிடிக்கத் தார்ச்சாலை போல மணலால் முடியாது. தூக்குகிற அளவுக்கு விசை சேர்வதற்குள் டயர் வழுக்கிவிடும். வண்டியும் இலேசு, எஞ்ஜினும் சாது. ஒரு குறை, அது வெளிப்படாத இடத்தில் ஓடினால் குறையே இல்லை. பீட்டிலைச் செய்தவர்களே 1968இல் தானியங்கி கிளட்ச் மாடலிலும், அடுத்த ஆண்டு அமெரிக்காவுக்குப் போன எல்லா பீட்டில்களிலும் கீலைத் திருப்பிச் சாய்வாக வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வருவோம்.

இப்போது கீலைக் குறுக்குவாட்டில் கிடத்துங்கள். ஆட்டோவில் பார்த்தது இதுதான், ட்ரெய்லிங் ஆர்ம். கை முன்னும் பின்னுமாகக் கிடப்பதால் சக்கரம் ஏறி இறங்கும்போது சாயவே சாயாது. இன்னொரு நல்ல குணமும் உண்டு. 50 செ.மீ. நீளமுள்ள கை, கீலிலிருந்து 20 டிகிரி கீழ்நோக்கித் தொங்குகிறது என்று வைப்போம். சக்கரம் கல்லில் மோதி 17 செ.மீ. எழும்பும்போது, கூடவே 3 செ.மீ. பின்னாலும் நகர்கிறது. யாராவது வேகமாகப் பந்தை எறிந்தால் கையைப் பின்னிழுத்துப் பிடிக்கிறோமே, அந்த மூன்று சென்டிமீட்டர் அந்த வேலையைச் செய்கிறது. அடி முதுகுக்கு வருவதற்குள் பாதி தணிந்துவிடும். கீலைச் சக்கர மையத்தைவிட உயரத்தில் வைத்தால்தான் இது நடக்கும். தாழ வைத்தால் சக்கரம் முன்னோக்கிப் போய்க் கல்லை எதிர்த்து முட்டும். உயரமான கீலால், ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது வண்டி பின்பக்கம் குந்துவதும் குறையும். சக்கரம் முன்னோக்கித் தள்ளும் விசை கையின் வழியே மேல்நோக்கி ஏறிக் கீலைத் தூக்கிப் பிடிக்கிறது.

குறை? வண்டி ஒரு பக்கம் சரிந்தால் சக்கரமும் கூடவே அதே அளவு சரியும். 5 டிகிரி சரிந்தால் 5 டிகிரி. தார்ச்சாலைப் பந்தயக்காரர் முகம் சுளிப்பார். தோட்டத்து மண்ணில் ஓட்டுகிற எனக்குக் கவலையில்லை. கவலை வேறு இடத்தில் இருந்தது. திரும்பும்போது பக்கவாட்டு விசை முழுவதும் அந்த ஒற்றைக் கையை முறுக்கப் பார்க்கும்.

இங்கே ஒரு சின்னச் சோதனை. துணிக்கடையில் துணி சுற்றி வரும் அட்டைக் குழாய் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு முனையையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். அசையாது. இப்போது பிளேடால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நீளவாக்கில் ஒரே ஒரு கோடு கிழித்துவிட்டு முறுக்குங்கள். நனைந்த துண்டு மாதிரி சுழலும். ஓர் அவுன்ஸ் அட்டைகூடக் குறையவில்லை, ஆனால் முறுக்கை எதிர்க்கும் விறைப்பு போய்விட்டது. மூடிய குழாயில் முறுக்கு விசை வட்டமாகச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. கீறிய குழாயில் அந்த ஓட்டம் கீறலில் வந்து அறுந்துவிடுகிறது. 50 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. தடிமனும் உள்ள இரும்புக் குழாய்க்குக் கணக்குப் போட்டால், கீறுவதற்கு முன்னும் பின்னும் உள்ள வித்தியாசம் நானூறு மடங்குக்கும் மேல். ஆகவே ட்ரெய்லிங் ஆர்மை சேனல் இரும்பில் செய்யாதீர்கள். நான்கு பக்கமும் மூடிய பெட்டியாக, வெல்டிங் விட்டுப்போகாமல் செய்யுங்கள். எடையைக் குறைக்கிறேன் என்று ஒரு பக்கத்தைத் திறந்துவிட்ட நண்பர் ஒருவர் எங்கள் குழுவிலேயே இருந்தார். யார் என்று சொல்ல மாட்டேன், இந்த அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருக்கிறார்.

சாய்வுக் கீல், அதாவது செமி ட்ரெய்லிங், இந்த இரண்டுக்கும் நடுவில். சக்கரம் ஏறும்போது கொஞ்சம் சாயும், கூடவே அதன் முகம் பார்க்கும் திசையும் கொஞ்சம் மாறும். சாய்வுக் கோணத்தைச் சரியாகத் தேர்ந்தால் அருமையான சமரசம். கொட்டகையில் இரண்டு பக்கமும் ஒரே சாய்வுக் கோணம் வருமாறு வெல்டிங் செய்வது வேறு கதை.

டபுள் விஷ்போனில் கீல் கண்ணுக்கே தெரியாது. மேலே ஒரு கை, கீழே ஒரு கை. இரண்டையும் மனசுக்குள் நீட்டிக்கொண்டே போனால் எங்கோ வெறும் வெளியில் சந்திக்கும். அந்தக் கணத்தில் சக்கரத்துக்கு அதுதான் கீல். சக்கரம் நகர நகர அதுவும் இடம் மாறும். வேண்டியபடி எந்தப் பாதையையும் வரையலாம் என்பதால் பொறியியல் மாணவர்களுக்கு இதன்மேல் தீராத காதல். அமெரிக்காவில் 1976இல் தொடங்கி, 2007 முதல் இந்தியாவில் பீத்தம்பூரிலும் நடக்கும் பாஹா மாணவர் பந்தயத்தில் தமிழ்நாட்டுக் கல்லூரிகளும் பக்கி கட்டி இறக்குகின்றன. நான்கு மணி நேரம் விடாமல் ஓட வேண்டிய சுற்று அது. கணினித் திரையில் அழகாக இருந்த பாதை அங்கே எத்தனை புஷ் தேய்ந்த பிறகும் அப்படியே இருக்கும் என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு இணைப்பிலும் அரை மில்லிமீட்டர் ஆட்டம் வந்தால், ஆறேழு இணைப்பு கொண்ட அமைப்பில் சக்கரம் சொன்ன பேச்சைக் கேட்காது.

கீலே வேண்டாம் என்பவர்களுக்கு முழு ஆக்சில், அதாவது லைவ் ஆக்சில், இருக்கிறது. ஜீப்பும் லாரியும் அதில்தான் ஓடுகின்றன. இடது சக்கரம் கல்லேறினால் வலது சக்கரமும் சாயும், ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடையும் அதிகம். கனமான ஆக்சில் ஒரு மேட்டில் எகிறினால் திரும்பி வந்து தரையைத் தொட நேரமெடுக்கும். அதுவரை டயருக்குப் பிடிப்பு இல்லை. ஆனால் பைக் எஞ்ஜினும் செயினும் வைத்துச் சின்ன வண்டி கட்டுபவர், ஒற்றை ஸ்விங் ஆர்மில் ஒரே ஆக்சிலைப் பிடித்து டிஃபரன்ஷியலே இல்லாமல் ஓட்டினால், நான் சிரிக்க மாட்டேன். மண்ணில் அது நன்றாகவே ஓடும். ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்விங் ஆர்மின் கீல், சின்ன ஸ்பிராக்கெட்டின் மையத்தில் இல்லாமல் பின்னால் தள்ளி இருக்கும். ஸ்பிராக்கெட் மையம், கீல், ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போது செயின் அதிகபட்சமாக இறுகும். அந்த நிலையில் வைத்துத்தான் செயின் தளர்வைச் சரிபார்க்க வேண்டும், ஸ்டாண்டில் தொங்கவிட்டு அல்ல.

கீல் முடிவானாலும் டிரைவ் ஷாஃப்ட் சம்மதிக்க வேண்டும். எங்களிடம் இருந்தது மாருதி 800 காரின் எஞ்ஜின், கியர்பாக்ஸ், ஷாஃப்ட் எல்லாம் சேர்ந்த மொத்தக் கூட்டம். முன்சக்கரத்தை ஓட்டுகிற அந்தக் கூட்டத்தை அப்படியே தூக்கிப் பின்னால் வைத்தோம். ஷாஃப்டின் இரு முனையிலும் உள்ள சிவி ஜாயின்ட் சாதாரணப் பொருள் அல்ல. லாரிக்கு அடியில் தெரிகிற சிலுவை ஜாயின்ட் ஒன்றை மட்டும் 20 டிகிரி வளைத்து ஓட்டினால், ஒரு பக்கம் சீராகச் சுழன்றாலும் மறுபக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை சுமார் 6 சதவீதம் விரைந்தும் தயங்கியும் சுழலும். ஆல்ஃபிரெட் ரெசெப்பா 1920களில் செய்த உருண்டைகள் உருளும் சிவி ஜாயின்ட் அந்தத் தயக்கத்தைப் போக்கியது.

ஆனால் அதற்கும் எல்லை உண்டு. ஷாஃப்டின் நீளம் 45 செ.மீ. என்று வைப்போம். நின்ற நிலையில் அது படுக்கையாக இருந்து, சக்கரம் அங்கிருந்து 20 செ.மீ. நகர்ந்தால் கோணம் 24 டிகிரி, நீளத்திலும் 4 செ.மீ.க்கு மேல் கூடுதலாகத் தேவை. நீண்டு கொடுக்கும் உள் ஜாயின்ட் கழன்று கையோடு வந்துவிடும். அதே 20 செ.மீ. ஆட்டத்தை மேலே 10, கீழே 10 என்று பிரித்து, நடுவில் ஷாஃப்ட் படுக்கையாக வருமாறு கியர்பாக்ஸின் உயரத்தை வைத்தால்? கோணம் 12.5 டிகிரி, நீட்சி 1.1 செ.மீ. ஜாயின்ட் நிம்மதியாக இருக்கும். நீளமான பயணம் வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் ஸ்பிரிங்கைத் தேடிக் கடை கடையாக அலைகிறார்கள். உண்மையில் பயணத்தின் எல்லையைக் கீறுவது ஷாஃப்ட்தான்.

ஸ்பிரிங்கையும் பார்த்துவிடுவோம். ஓட்டுநரோடு 450 கிலோ வண்டி, அதில் 60 சதவீதம் பின்னால் என்றால், ஒரு பின்சக்கரத்துக்கு 135 கிலோ. சக்கரம், ஹப், பிரேக், கையின் பங்கு என 25 கிலோவைக் கழித்தால் ஸ்பிரிங் தாங்குவது 110. வண்டி நின்ற நிலையில் எவ்வளவு அமுங்குகிறது என்பதே அது எவ்வளவு வேகமாகக் குதிக்கும் என்பதைச் சொல்லிவிடும். 6 செ.மீ. அமுங்கினால் நொடிக்கு இரண்டு ஆட்டம், கல்மேல் உட்கார்ந்தது போல. 25 செ.மீ. அமுங்கினால் ஒன்று, ஊஞ்சல். 11 செ.மீ. அமுங்கினால் ஒன்றரை, எங்களுக்கு அது போதும். 110 கிலோவுக்கு 110 மில்லிமீட்டர், அதாவது சக்கரத்தில் மில்லிமீட்டருக்கு ஒரு கிலோ. மனக்கணக்கு இவ்வளவு அழகாக வந்த மகிழ்ச்சியில் அப்படிப்பட்ட ஸ்பிரிங்கையே வாங்கி, கையின் நடுவில் மாட்டினோம். வண்டி தரையோடு உட்கார்ந்துவிட்டது. கையின் நடுவில் மாட்டினால் ஸ்பிரிங்குக்கு வரும் பாரம் இரண்டு மடங்கு, அது அமுங்கும் தூரமோ பாதி. இரண்டும் சேர்ந்து நான்கு மடங்கு கடினமான ஸ்பிரிங் தேவை. எட்டாம் வகுப்பு நெம்புகோல் பாடம்!

இதெல்லாம் கடந்து முதல்முறை ஓட்டியபோது வண்டி நேராகப் போகாமல் நண்டு மாதிரி ஒரு பக்கம் ஒதுங்கியது. டயர் அழுத்தம் பார்த்தோம், ஸ்டியரிங்கைக் குடைந்தோம், முன்பக்கத்தைப் பிரித்து மாட்டினோம். கடைசியில் பட்டறை அண்ணன் ஒரு நூலை எடுத்துப் பின் டயரோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "வெல்டிங் இழுத்துருச்சுங்க தம்பி."

வலது கையின் கீலைத் தாங்கும் இரண்டு பிராக்கெட்டுகளில் ஒன்று, வெல்டிங் ஆறும்போது 3 மில்லிமீட்டர் முன்னால் வந்திருந்தது. இரண்டு பிராக்கெட்டுக்கும் நடுவே 30 செ.மீ. மூன்று மில்லிமீட்டர் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். நூற்றில் ஒரு பங்கு. ஆனால் 10 மீட்டர் ஓடினால் அந்தச் சக்கரம் 10 செ.மீ. பக்கத்தில் போகப் பார்க்கும், மற்றது நேராகப் போகப் பார்க்கும். இழுபறியில் டயர்தான் தேயும்.

"இப்ப என்னண்ணா பண்றது?"

"நாலு புஷ்ஷுலயும் ஒரே கம்பியை விட்டுட்டு அப்புறம் ஒட்டோணும்ங்க."

நான்கு பிராக்கெட்டையும் அறுத்தெடுத்தோம். வண்டியின் முழு அகலத்துக்கும் நேரான பிரைட் பார் ஒன்றை இடது வலது புஷ் எல்லாவற்றிலும் கோர்த்து, முதலில் பொட்டு வைத்து, இந்தப் பக்கம் ஒரு விரற்கடை, அந்தப் பக்கம் ஒரு விரற்கடை என்று மாற்றி மாற்றி ஒட்டி, முழுதாக ஆறிய பிறகே கம்பியை உருவினோம். குறுக்குக் கீலை நான் தேர்ந்தெடுப்பதற்கு உண்மையான காரணம் இதுதான். சக்கரம் சாயாது என்பதெல்லாம் அடுத்தது. இரண்டு பக்கக் கீலும் ஒரே கோட்டில் வருவதால், ஒரு கம்பியால் அதை நேராக்கிவிட முடியும். சாய்வுக் கீலுக்கோ விஷ்போனுக்கோ அப்படி ஒரு கம்பி கிடையாது. அளவெடுக்கும் கருவியும் நல்ல ஜிக்கும் உள்ளவர்கள் அவற்றைச் செய்யட்டும்.

பிறகு ஸ்பிரிங் இரண்டையும் கழற்றிவிட்டு, சக்கரத்தை ஜாக்கியால் இரண்டு இரண்டு சென்டிமீட்டராக உயர்த்தினோம். பக்கத்தில் ஒரு பிளைவுட் பலகை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஹப்பின் மையத்தைப் பென்சிலால் குறித்தோம். புள்ளிகள் மெல்லப் பின்னோக்கி வளைந்தபடி மேலேறின, கணக்குச் சொன்ன அதே வளைவு. பதினான்காவது சென்டிமீட்டரில் ஜாக்கி முனகியது. பிரேக் ஹோஸ் கம்பி போல விறைத்துக்கொண்டு நின்றது. ஜாக்கியை இறக்கிவிட்டு, நீளமான ஹோஸ் வாங்கிவர ஒருவன் உக்கடத்துக்குக் கிளம்பினான்.